பழைய எக்ஸ்.எல். சூப்பரா, எக்ஸ்.எல். 100-ஆ? மூட்டையை ஏற்றிவிட்டுப் பேசுவோம்

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

உசிலம்பட்டிப் பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். பூவும் கீரையும் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் வாங்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு எக்ஸ்.எல். சூப்பர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இழுவையில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஈடே கிடையாது, எக்ஸ்.எல். 100 வெறும் பொம்மை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதையே நம்புகிறேன். மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

மறுக்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை எக்ஸ்.எல். ஓடியிருக்கிறது. அப்பா செக்கானூரணிப் பக்கத்திலிருந்து மல்லிகை மூட்டையை மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனது எக்ஸ்.எல். சூப்பரில். அதற்குப் பின் கார்ப்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த எக்ஸ்.எல். 100 வந்தது. இப்போது மதினி ஓட்டுவது 2020-க்குப் பிறகு வந்த, பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிற வகை. மூன்றையும் நான் ஓட்டியிருக்கிறேன். மூன்றிலும் மூட்டை கட்டியிருக்கிறேன்.

ஊரில் இழுவை என்று சொல்லும்போது எல்லோரும் வெறும் வண்டியை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் டூ ஸ்ட்ரோக் சீறிக்கொண்டு கிளம்பும். அந்தச் சீற்றம் காதுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் எக்ஸ்.எல். சீறுவதற்காக வாங்குகிற வண்டி இல்லை. பின்னால் ஐம்பது கிலோ புண்ணாக்கு மூட்டை, முன்னால் கால் வைக்கும் இடத்தில் பால் கேன், இவற்றோடு மேட்டில் நின்று மறுபடி கிளம்ப முடிகிறதா என்பதுதான் கேள்வி.

9 ஜூன்

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சி.சி., 3.5 குதிரைத்திறன், முறுக்குவிசை 5 நியூட்டன் மீட்டர், அது நிமிடத்துக்கு 3,750 சுற்றில். எக்ஸ்.எல். 100 என்பது ஃபோர் ஸ்ட்ரோக், 99.7 சி.சி., நாலு குதிரைத்திறனுக்குச் சற்று மேல், முறுக்குவிசை 6.5 நியூட்டன் மீட்டர், அது 3,500 சுற்றில். கடைசி எண்ணைப் பாருங்கள். விசையும் கூடுதல், அது கிடைப்பதும் குறைந்த சுற்றில்.

இரண்டிலும் கியர் கிடையாது. ஒரே விகிதம், தானாகப் பிடிக்கும் கிளட்ச், அவ்வளவுதான். கியர் வண்டியில் மேடு வந்தால் இரண்டாவதுக்கு இறக்கிக்கொள்ளலாம். இதில் இறக்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே கீழ்ச் சுற்றில் இன்ஜின் எவ்வளவு விசை தருகிறதோ அதுவே இந்த வண்டியின் முழுச் சொத்து. அந்த இடத்தில் பழையதைவிட ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடுதல் என்பது சின்ன விஷயம் இல்லை.

9 ஜூன், சற்று நேரம் கழித்து

எடையைச் சொல்ல விட்டுவிட்டேன். எக்ஸ்.எல். 100 வந்தபோது 80 கிலோ, பி.எஸ். 6 (2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வகை அதைவிடக் கனம். பழைய சூப்பர் பத்து கிலோவுக்கு மேல் இளைத்தது. வெறும் வண்டியாக ஓட்டினால் இது நன்றாகத் தெரியும். ஊர்க்காரர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆள், மூட்டை, வண்டி எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோவைத் தொடும்போது அந்தப் பத்து கிலோ கரைந்துபோகிறது.

10 ஜூன்

சோழவந்தான் நண்பர் எழுதியிருக்கிறார்: டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான், ஆகவே பழையதற்கு இரட்டைப் பலம் என்று. வெடிப்பது பற்றிச் சொன்னது சரி. இரட்டைப் பலம் என்பது சரியில்லை. டூ ஸ்ட்ரோக்கில் புதிய கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் வெளிவாசலும் திறந்திருக்கிறது. வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. பழைய வண்டிக்குப் பின்னால் போனால் பச்சைப் பெட்ரோல் வாடை வருமே, அது நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்.

ஆனால் அவர் சொன்னதில் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். அடிக்கடி வெடிப்பதால் டூ ஸ்ட்ரோக்கின் இழுப்பு வழுவழுவென்று வரும். எக்ஸ்.எல். 100 கனத்தோடு மெதுவாகக் கிளம்பும்போது துடிப்பது கைப்பிடியில் தெரியும். சித்தப்பா அந்தத் துடிப்பை 'வண்டி திணறுகிறது' என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். திணறவில்லை. மூட்டையோடு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

14 ஜூன்

இன்று எழுத வேண்டியது கணவாயைப் பற்றி.

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அந்த ஏற்றம் பெரிய மலைப்பாதை இல்லை, ஆனால் மூட்டையோடு போகும் மொபெட்டுக்கு அதுவே போதும். ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கொண்டுபோவோம். எக்ஸ்.எல். சூப்பரில் போகும்போது ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் கிளட்ச் ஷூ, அதாவது சுற்று கூடும்போது விரிந்து டிரம்மைப் பிடிக்கிற கட்டை, நழுவ ஆரம்பிக்கும். சுற்று குறைந்தால் ஷூ டிரம்மைப் பிடிக்காது. பிடிக்காமல் உரசினால் சூடாகும். சூடானால் அதன் முகம் கண்ணாடி மாதிரி வழுக்கிவிடும், பிறகு வெறும் வண்டியிலும் பிடிக்காது. அதனால் அப்பா ஏற்றத்துக்கு முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொள்வார். நடுவில் லாரி குறுக்கே வந்து வேகம் போய்விட்டால் இறங்கிவிடுவார். இறங்கி, இன்ஜினை ஓடவிட்டு, கூடவே நடந்து தள்ளுவார். கூச்சப்படவே மாட்டார். 'ஷூவைக் கருக்குவதைவிடக் காலை வலிக்கவிடலாம்' என்பார்.

எக்ஸ்.எல். 100-இல் அதே ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ளியதாக நினைவில்லை. மெதுவாகப் போகும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும், ஆனால் போகும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் பழைய வண்டியின் உண்மையான சோதனை. இதைப் பலர் பேசுவதே இல்லை. டூ ஸ்ட்ரோக்குக்கு உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது, லிட்டருக்கு 20 மில்லி. ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் உருண்டு வந்தால், பெட்ரோல் வருவது குறைகிறது, அதோடு எண்ணெயும் குறைகிறது. இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏற்றத்தில் சூடான இன்ஜின் வேறு. பிஸ்டன் ஜாம் ஆவதற்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. இறக்கத்தில் அவ்வப்போது கொஞ்சம் முறுக்கிவிட்டு மூடு என்று அப்பா சொல்லிக்கொடுத்தது இதற்குத்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்கள் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டுக்கொண்டார்கள்.

எக்ஸ்.எல். 100-க்கு எண்ணெய் தனியாக அடித்தொட்டியில் இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் எண்ணெய் போகும். கணவாயிலிருந்து நிம்மதியாக இறங்கலாம். என் கணக்கில் இந்த ஒன்றுக்காகவே ஃபோர் ஸ்ட்ரோக் வென்றுவிட்டது.

15 ஜூன்

டி.வி.எஸ். 50-ஐயும் சேர்த்துப் பேசச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள். அது 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது. மிதிக்கட்டை வைத்த வண்டி. ஸ்டாண்டு போட்டு மிதித்துக் கிளப்பலாம், மேட்டில் சைக்கிள் போல மிதித்தும் உதவலாம். மூட்டைக்கு அது சரிவராது, இரண்டு பேருக்கு ஓடும், அவ்வளவுதான். இன்றும் எங்கள் பக்கத்தில் எக்ஸ்.எல். எதுவானாலும் பெரியவர்கள் 'டி.வி.எஸ். பிப்டி' என்றுதான் சொல்கிறார்கள். மதினியின் வண்டியையும் அப்பத்தா அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒரு சட்ட விஷயம், பிள்ளைகள் கையில் சாவி கொடுக்கிறவர்களுக்கு. 16 வயதில் உரிமம் எடுத்து ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்.எல். சூப்பர் 70 சி.சி., எக்ஸ்.எல். 100 நூறு சி.சி. இரண்டுக்கும் 18 வயது ஆக வேண்டும். 'பிப்டி' என்று பெயர் சொல்லிப் பத்தாம் வகுப்புப் பையனைச் செக்கானூரணிக்கு அனுப்பாதீர்கள்.

19 ஜூன்

எண்ணெய் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எக்ஸ்.எல். 100 'கெட்டுப்போகிற வண்டி' என்று பெயர் எடுத்ததே இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பழைய வண்டிக்காரருக்கு எண்ணெய் என்றால் பெட்ரோல் பங்கில் பெட்ரோலோடு ஊற்றுவது. ஊற்றினால் வேலை முடிந்தது. திறந்து பார்க்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதில்லை. அதே மனிதர் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குகிறார். பெட்ரோல் போடுகிறார், ஓட்டுகிறார். அடித்தொட்டி எண்ணெய் கறுத்து, வற்றி, கடைசியில் இன்ஜின் உள்ளே உரசும்வரை யாரும் அதன் மூடியைத் திருகிப் பார்ப்பதில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் மிச்சமிருந்த இன்ஜினை எங்கள் ஊர் மெக்கானிக் கடையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டிக்காரர், 'பதினைந்து வருசம் சூப்பர் ஓட்டினேன், ஒரு நாள் எண்ணெய் மாற்றியதில்லை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மை. மாற்றுவதற்கு அதில் எண்ணெய் இல்லை.

இதற்கு நேர்மாறும் நடக்கிறது. பழக்கத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் டேங்க்கிலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்துவிடுகிறார்கள். புகை வரும், பிளக் கறுக்கும், பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கியும் பாழாகும். விற்கிறவர்கள் வண்டியைக் கையில் கொடுக்கும்போது இதை நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

22 ஜூன்

மதினி இந்த இழையைப் படித்துவிட்டு, 'கிக்கரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே' என்றார். நியாயம்.

காலையில் கீரைக்கட்டும் மாவு டப்பாக்களும் கட்டிய வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் புடவையோடு கிக்கரை உதைப்பது லேசான வேலை இல்லை. மூட்டை ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். 2018-இல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகை வந்தது. மதினி அதற்குப் பிறகுதான் தனியாக மார்க்கெட் போக ஆரம்பித்தார். அதுவரை அண்ணன் வந்து உதைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். இழுவை, மைலேஜ், புகை என்று ஆண்கள் நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவருக்கு இருந்த தடை அந்த ஒரு கம்பிதான்.

22 ஜூன், மாலை

இன்னொருவர், இது மதுரை வண்டியா ஓசூர் வண்டியா என்று கேட்கிறார். முதல் மொபெட் பிறந்தது ஓசூர். வேர் மதுரை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கி, பஸ் ஓட்டிப் பெயர் எடுத்தவர். அந்தக் குடும்பத்தின் வழியில் வந்ததுதான் இந்த மொபெட். லூனா, மெஜஸ்டிக் போன்ற மற்ற மொபெட்டுகள் எல்லாம் ஓய்ந்துபோன பிறகும் பெட்ரோல் மொபெட்டை விடாமல் செய்துகொண்டிருப்பது இவர்கள்தான். லூனா 2024-இல் மின்சார வண்டியாகத் திரும்பியிருக்கிறது, அதை நான் இன்னும் ஓட்டவில்லை. கேள்விக்குத் திரும்புவோம்.

29 ஜூன்

ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்று சொல்லிவிட்டேன். எந்த ஃபோர் ஸ்ட்ரோக் என்பதில் எனக்கு இரண்டு வாரமாக மனம் ஊசலாடுகிறது. 2015 கடைசியில் வந்த எக்ஸ்.எல். 100 கார்ப்புரேட்டர் வண்டி. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி வந்ததும் டூ ஸ்ட்ரோக் வழிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் கார்ப்புரேட்டரும் போய் இன்ஜெக்டர் வந்தது. ஆக, கார்ப்புரேட்டர் வைத்த எக்ஸ்.எல். 100 நாலரை வருசம் மட்டுமே வந்தது. பழையதை நேசிப்பவர்களும் அதைச் சொல்வதில்லை, புதியதை விற்பவர்களும் சொல்வதில்லை.

இன்ஜெக்டர் வண்டி நல்ல வண்டி. மார்கழிக் குளிரில் சோக் இழுக்காமல் கிளம்புகிறது. 15 சதவீதம் கூடுதல் மைலேஜ் என்று விளம்பரத்தில் சொன்னார்கள், மதினியின் பெட்ரோல் செலவைப் பார்த்தால் கொஞ்சம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் அது வேறு பழக்கத்தைக் கேட்கிறது. பழைய வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்புவோம். அதுவும் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் வடித்துக்கொண்டு பங்கு வரை போவோம். இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோலைத் தள்ளுவது ஒரு மின்சாரப் பம்ப். டேங்க்கை வற்றவிட்டு ஓட்டுவது அந்தப் பம்ப்புக்கு ஆகாது. ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு நாளை ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒரு நாள் விடிகாலை மதினியின் வண்டி கிளம்பவில்லை. ஊர் மெக்கானிக் வந்து பார்த்தார். அவருக்குக் கார்ப்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரியும். இதில் கை வைக்கத் தயங்கினார். கடைசியில், மாட்டுக்கொட்டகையில் நிறுத்தியிருந்த வண்டியின் ஒயரை எலி கடித்திருந்தது. வண்டியின் மீது குற்றமே இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. விடிகாலையில் பறித்த கீரை மதியத்தில் யாருக்கு வேண்டும்? மல்லிகை மொட்டு இன்னும் மோசம், அது நமக்காகக் காத்திருக்காது, மாலையில் விரிந்துவிடும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் அப்படி நின்றால் அந்த வாரத்து வருமானமே போய்விடும்.

அதனால் ஊரிலேயே சரிசெய்ய முடிகிற வண்டி என்பது பூக்காரருக்குக் குதிரைத்திறனைவிடப் பெரிய கணக்கு. கார்ப்புரேட்டர் எக்ஸ்.எல். 100-இல் கணவாய் ஏறும் விசையும் இருக்கிறது, தனி எண்ணெயும் இருக்கிறது, ஸ்பேனர் எடுத்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் கிளப்பிவிடுகிறார். என் ஓட்டு அதற்கு.

30 ஜூன்

இரவில் யோசித்ததில் அதற்கு எதிராகவும் ஒன்று தோன்றியது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்கள், வாஷர்கள் அதில் ஊறிப்போகலாம். பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்ற கார்ப்புரேட்டருக்குள் அழுக்கு படியும். தினமும் ஓடும் வண்டிக்குப் பெரிய பயம் இல்லை. நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்புரேட்டரில் நிற்பதைத் தீர்த்துவிட்டு நிறுத்துங்கள். இந்தக் கவலை எக்ஸ்.எல். சூப்பருக்கும் அப்படியே உண்டு, ரப்பர் இன்னும் பழையது என்பதால் கூடவே உண்டு.

6 ஜூலை

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன் விடிகாலையில் நின்றவர்களுக்கு அந்தக் கலவை வாசம் நினைவிருக்கும், மல்லிகையும் டூ ஸ்ட்ரோக் புகையும். சிலர் அதை ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். எனக்கு ஏக்கம் இல்லை. மூட்டை தூக்கும் ஆட்கள் அந்தப் புகைக்குள்தான் பல மணி நேரம் நின்றார்கள். அப்பாவுக்கு வந்த இருமலை நாங்கள் வெகுநாள் பீடி இருமல் என்று நினைத்தோம். அவர் பீடி குடித்ததே இல்லை.

சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரி எடுப்பது எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வெளிவாசலில் படிந்த கரியையும் சுரண்டுவோம். கரி அடைத்தால் வண்டி இழுக்காது. 'ஈடு இணையில்லாத இழுவை' என்று சொல்கிறவர்கள் இந்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

13 ஜூலை

கேள்வி கேட்ட நண்பரோடு நேற்று உசிலம்பட்டி போய் அந்த 2010 எக்ஸ்.எல். சூப்பரைப் பார்த்தேன். அழகாகத் துடைத்து வைத்திருந்தார்கள். கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன், எதிர்ப்பு குறைவு, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பின் கேரியரை யாரோ ஃபிரேமோடு வெல்டிங் வைத்திருக்கிறார்கள், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல். இந்த விரிசல் மூட்டையோடு போகும்போதுதான் பிளக்கும். பதிவுச் சான்றின் 15 வருசம் இந்த ஆண்டோடு முடிகிறது. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிப் போய்க் காட்ட வேண்டும். விலை மலிவு என்பது இதையெல்லாம் கூட்டினால் நிற்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் செக்கானூரணியில் ஒரு பால்காரரிடம் 2019 எக்ஸ்.எல். 100 விலைக்கு இருந்தது. கார்ப்புரேட்டர், பொத்தானும் உண்டு, கிக்கரும் உண்டு. கேரியர் போல்ட் போட்டு மாட்டியது. நண்பரைப் பின்னால் உட்காரவைத்து, நடுவில் ஒரு தீவன மூட்டையையும் வைத்து, நாகமலைப் பக்கம் ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தேன். ஷூ நழுவாமல் ஏறியது. இறங்கியதும் நண்பர், 'பொம்மை என்று சொன்னவனை இதில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும்' என்றார். முன்பணம் கொடுத்துவிட்டார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். முதல் வேலையாக இன்ஜின் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள், விற்பவர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் சரி. டேப்பட் இடைவெளியை (வால்வுகளின் இடைவெளியை) மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். செயின் ஸ்பிராக்கெட் பல் கூர்மையாகியிருந்தால் செயினோடு சேர்த்து மாற்றுங்கள். பின் சீட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள், மூட்டை ஃபிரேமுக்கு நெருக்கமாக, தாழ்வாக உட்காரும். பெட்ரோலில் எதையும் கலக்க வேண்டாம்.

13 ஜூலை, இரவு

எந்த எண்ணெய் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய். எந்த ரகம், எவ்வளவு என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கும்போது அந்தக் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

14 ஜூலை

எண்ணெய் அளவு பார்க்கும்போது வண்டி நடு ஸ்டாண்டில், சமதரையில் நிற்க வேண்டும். சாய்த்து வைத்துப் பார்த்தால் தவறாகக் காட்டும்.